ஆறு லட்சத்தில் மேக்கர்ஸ்பேஸ்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

வாசகர் கேள்வி: ஆரணிப் பக்கம் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை நான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ஏறக்குறைய நானூறு பிள்ளைகள். நெசவு, விவசாயக் கூலி, கட்டட வேலை செய்யும் குடும்பங்கள்தான் பெரும்பாலும். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஆறு லட்சம் ரூபாய் தருகிறார்கள். பிள்ளைகள் தாங்களே பொருள் செய்து கற்கும் ‘மேக்கர்ஸ்பேஸ்’ கூடம் அமைத்துத் தருவதாக ஒரு நிறுவனம் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது: இரண்டு 3டி பிரின்டர், ஒரு லேசர் கட்டர், இருபது ரோபோ கிட், மேசைகள், சுவரில் ராக்கெட் ஓவியம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு நெசவாளர் எழுந்து, “கைவேலை கத்துக்கவா டீச்சர் பள்ளிக்கூடம் அனுப்புறோம்? அது எங்க வீட்லயே இருக்கே” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைந்துவிடும் என்று அறிவியல் ஆசிரியர் பயப்படுகிறார். உண்மையிலேயே இதில் கல்விப் பயன் இருக்கிறதா? இருந்தால் யார் நடத்துவது? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

கொட்டேஷனில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போடாதீர்கள். பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அறையையும் ஒதுக்குங்கள். வாங்கும் பட்டியலை மட்டும் நீங்களே போடுங்கள். பள்ளிகளுக்குச் செய்முறைக் கூடம் அமைப்பதிலும் அதற்கு ஆசிரியர்களைத் தயார்செய்வதிலும் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இப்படி முழுத் தொகுப்பாக வந்து இறங்கிய அறைகளில் பல, இரண்டாம் ஆண்டில் தேர்தல் வாக்குச்சாவடியாக மட்டும் திறக்கப்படுகின்றன.

முதலில், பயன் இருக்கிறதா என்ற கேள்வி. ஒரே ஒரு பொருளை வைத்துப் பேசலாம். அரவிந்த் குப்தாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு, குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்வதையே வாழ்க்கைப் பணியாக எடுத்துக்கொண்டவர். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் ஊர் ஊராகக் கொண்டுபோன பொம்மைகளில் ஒன்று எளிய மின்மோட்டார். எனாமல் பூசிய செம்புக்கம்பி கொஞ்சம், ஒரு பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு காந்தம். கம்பியைச் சுருளாகச் சுற்றி, இரண்டு முனைகளையும் ஊக்குகளின் வளையத்தில் தாங்கவைத்து, கீழே காந்தத்தை வைத்தால் சுருள் சுற்றும்.

சுற்றுமா? முதல் தடவை பெரும்பாலும் சுற்றாது. எனாமலைச் சுரண்டாமல் வைத்திருப்பார்கள். எனாமலின் நிறமும் செம்பு மாதிரியே இருப்பதால் கம்பி வெறுங்கம்பியாகத்தான் கண்ணுக்குத் தெரியும். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ‘பீப்’ சத்தம் வராது. அப்போதுதான் பிள்ளைக்கு உறைக்கும், மின்சாரம் உள்ளே போகவே இல்லை என்று. சரி, இரண்டு முனையையும் நன்றாகச் சுரண்டுகிறார்கள். இப்போது சுருள் துள்ளும், அரைச் சுற்று போகும், தயங்கும், திரும்பி வரும், ஆடிவிட்டு நின்றுவிடும். காந்தத்தை மாற்றிப் பார்ப்பார்கள், பேட்டரியைக் குறை சொல்வார்கள், பக்கத்துக் குழுவின் பேட்டரியைக் கடன் வாங்குவார்கள்.

உண்மைக் காரணம் வேறு. முதல் அரைச் சுற்றில் முன்னோக்கித் தள்ளும் விசை, அடுத்த அரைச் சுற்றில் அதே சுருளைப் பின்னோக்கி இழுக்கிறது. ஒரு முனையை முழுவதும் சுரண்டிவிட்டு, இன்னொரு முனையில் பாதிச் சுற்றளவை மட்டும் சுரண்ட வேண்டும். அப்படிச் செய்தால் பின்னோக்கி இழுக்க வேண்டிய நேரத்தில் மின்சாரம் அறுந்துபோகும், சுருள் வந்த வேகத்திலேயே மிச்சத் தூரத்தைக் கடந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் மின்மோட்டாருக்குப் பிளவு வளையம் எதற்கு என்று ஒரு கேள்வி வருமே, அதற்கான விடை இந்தப் பின்னிழுப்புதான். மனப்பாடம் செய்த பிள்ளை இரண்டு மதிப்பெண் வாங்கும். சுருள் ஆடி நின்றதைப் பார்த்த பிள்ளை இன்னொரு கேள்வி கேட்கும்: “மின்சாரத்தை அறுக்கிறதுக்குப் பதிலா, அந்த நேரத்துல திருப்பிவிட்டா இன்னும் வேகமா சுத்துமா சார்?” பிளவு வளையம் செய்வது அதைத்தான்.

செய்து கற்பதன் மதிப்பு முழுவதும் அந்தச் சுற்றாத நேரத்தில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. வேலை செய்யாத பொருளை முன்னால் வைத்துக்கொண்டு, ‘எங்கே தப்பு?’ என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்துக்கொண்டே வரும் பழக்கம் பாடப்புத்தகத்தால் வராது. புத்தகத்தில் எல்லா மோட்டாரும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

இது நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட் ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் பியாஜேயோடு வேலை பார்த்துவிட்டு அமெரிக்காவின் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1967இல் அவரும் சக ஆய்வாளர்களும் குழந்தைகளுக்காக ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதில் திரையில் நகரும் ஓர் ஆமை உருவத்துக்குக் கட்டளை கொடுத்துப் படம் வரைய வேண்டும். வீடு வரையச் சொன்னால் கூரை பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். பேப்பர்ட்டுக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கோணல் கூரைதான். வகுப்பில் விடை ஒன்று சரி, அல்லது தப்பு. தப்பானால் அழித்துவிட்டு மறந்துவிடுவோம். இங்கே தப்பை அழிக்காமல் எந்தக் கட்டளையில் கோணல் வந்தது என்று தேட வேண்டியிருக்கிறது. இன்றைய மேக்கர்ஸ்பேஸ் பேச்சுக்கெல்லாம் வேர் அங்கே இருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்து உங்கள் கொட்டேஷனைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே எழுதுங்கள்: இது எங்கே தவறக்கூடும்? தவறினால் ஏன் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையால் கண்டுபிடிக்க முடியுமா?

பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் 3டி பிரின்டர் தவறும், நிறையவே தவறும். ஆனால் தவறினால் சரிசெய்யப் போவது நிறுவனத்தின் ஆள். அவர் வர இரண்டு வாரம். அதோடு ஒரு கணக்கு: சின்னச் சாவிக்கொத்து ஒன்று அச்சாக அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு இருபது மணி நேரம். இரண்டு பிரின்டர் இருந்தாலும் பத்து. அந்த நேரம் முழுவதும் பிள்ளைகள் வேடிக்கைதான் பார்ப்பார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது பள்ளிகளில் இப்படிக் கூடங்கள் அமைத்த பாலோ பிளிக்ஸ்டைன் என்ற கல்வி ஆய்வாளர் 2013இல் எழுதிய கட்டுரையில் இதற்குச் ‘சாவிக்கொத்து நோய்’ என்றே பெயர் வைத்தார். ஒளிக்கற்றையால் பலகையை வெட்டும் லேசர் கட்டரில் முதலில் சாவிக்கொத்து செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறார். பார்க்க அழகாக வந்தது, எல்லாரும் பாராட்டினார்கள், பிள்ளைகள் அதையே செய்துகொண்டிருந்தார்கள். கஷ்டமான வேலைக்கு நகர ஒருவருக்கும் மனமில்லை. கொஞ்சம் உழைப்பு, நிறையக் கைதட்டல். நம்மூர் அறிவியல் கண்காட்சியில் அப்பா செய்துகொடுத்த தெர்மாகோல் எரிமலைக்கும் இதே நோய்தான்.

லேசர் கட்டரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். புகைபோக்கி இல்லாத அறையில் அது ஆபத்து. பிவிசி கலந்த ரெக்சினையோ ஃபிளெக்ஸையோ தெரியாமல் உள்ளே வைத்தால் நுரையீரலை அரிக்கும் வாயு வரும்.

இருபது ரோபோ கிட் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கையேட்டில் உள்ளபடி திருகாணிகளை முடுக்கினால் வண்டி கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். புகைப்படம் எடுப்பார்கள், பிரித்துப் பெட்டியில் வைப்பார்கள். கிட்டையே ஒதுக்க வேண்டியதில்லை. நாலு போதும், அதையும் இப்படிப் பயன்படுத்துங்கள்: கறுப்புக் கோட்டுக்குப் பதில் பழுப்புக் கோடு போட்டால் வண்டி ஏன் குழம்புகிறது? கோட்டை உணரும் சென்சாரை இரண்டு மில்லிமீட்டர் தூக்கினால் என்ன ஆகிறது? இப்படிக் கேட்டால் கிட் உயிர்பெறும்.

இப்போது அந்த நெசவாளர். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி, அதற்குப் பின்னால் தமிழ்நாட்டின் ஒரு நினைவு இருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளுக்கு மூன்று மணி நேரம்தான். மிச்ச நேரம் அப்பாவின் தொழிலைக் கற்க வேண்டும். ‘குலக்கல்வி’ என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி விலக, முதல்வரான காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அதனால்தான் இந்த மண்ணில் பள்ளிக்கூடத்துக்குள் சுத்தியலும் தறியும் வந்தால் பெற்றோருக்கு அடிவயிறு கலங்குகிறது. அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். அது அனுபவம்.

உங்கள் பதில் சொல்லில் இருந்தால் போதாது, அறையின் விதியில் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் அவன் வீட்டு வேலையை ஒதுக்கக் கூடாது. நெசவாளர் மகன் ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சால்டரிங் செய்யட்டும், மளிகைக் கடைக்காரர் மகன் ஊசியில் நூல் கோக்கட்டும். எல்லாரும் எல்லா மேசையிலும் ஒரு முறையாவது உட்கார வேண்டும். இன்னொன்றையும் அவரிடம் சொல்லலாம். கூலி வேலையில் கையை மட்டும்தான் கேட்கிறார்கள். ஏன் இப்படி, வேறு மாதிரி செய்தால் என்ன என்று யோசிக்க அங்கே நேரம் கிடைப்பதில்லை. இந்த அறையில் அந்த யோசனைக்குத்தான் நேரம் ஒதுக்குகிறோம்.

அவரையே ஒரு நாள் கூப்பிடுங்கள். பட்டுத்தறியில் ஜக்கார்டு பெட்டி வைத்து நெய்பவராக இருந்தால் இன்னும் நல்லது. துளை போட்ட அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்த இழை மேலே எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. உண்டு, இல்லை என்ற இரண்டே செய்திகளில் மயிலும் மாங்காயும் சேலையில் வந்துவிடுகின்றன. பிரான்சில் ஜக்கார்டு என்பவர் இந்த ஏற்பாட்டை உருவாக்கியது 1804ஐ ஒட்டிய ஆண்டுகளில். இங்கிலாந்தில் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்குத் துளை அட்டையை எடுத்துக்கொண்டது இதைப் பார்த்துத்தான். கட்டம் போட்ட நோட்டில் ஒரு பூவை வரைந்து, அட்டையில் துளையிட்டு, எட்டு இழை வைத்த ஒரு சின்னச் சட்டத்தில் பிள்ளைகள் நெய்து பார்க்கட்டும். பூ கோணலாக வரும். எந்த அட்டையில் பிழை என்று தேடுவார்கள். பேப்பர்ட்டின் ஆமை உங்கள் ஊரில் தறியாக இருந்திருக்கிறது; ராக்கெட் ஓவியம் வரையும் நிறுவனத்துக்கு இது தெரியாது.

கைவேலையை மையமாக வைத்த பள்ளி இந்தியாவுக்குப் புதிதில்லை. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி இருக்கிறது. அதைவிட உங்களுக்குப் பயன்படும் உதாரணம் மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டத்துப் பாபல் கிராமம். கல்பாக் என்ற உணவுத் தொழில்நுட்ப அறிவியலாளர் பெரிய நிறுவன வேலையை விட்டுவிட்டு 1983இல் அங்கே விக்யான் ஆசிரமத்தைத் தொடங்கினார். எட்டு முதல் பத்தாம் வகுப்புவரை வாரத்தில் ஒரு நாள் செய்முறை: பற்றவைப்பும் கட்டுமானமும், மின்சாரமும் எரிசக்தியும், வேளாண்மையும் கால்நடையும், சமையலும் உடல்நலமும். நாலையும் ஆண், பெண் வேறுபாடில்லாமல் எல்லாரும் கற்க வேண்டும். எம்ஐடியின் நீல் கெர்ஷன்ஃபெல்ட் ‘ஃபேப் லேப்’ என்ற தயாரிப்புக் கூடங்களை உலகத்தில் பரப்பத் தொடங்கியபோது, 2002இல் முதன்முதலாக அமைந்தவற்றில் ஒன்று இந்தக் கிராமத்தில் இருந்தது. இயந்திரம் வருவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்பே செய்முறை அங்கே வேரூன்றியிருந்தது என்பதைக் கவனியுங்கள். வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும்.

யார் நடத்துவது? உங்கள் பள்ளியில் தையல் ஆசிரியை இருக்கிறாரா? உதவிபெறும் பழைய பள்ளிகளில் அந்தப் பணியிடம் இன்னும் இருப்பதுண்டு. இருந்தால் அறையின் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். சிரிக்க வேண்டாம். அளவெடுப்பது, காகிதத்தில் வெட்டிப் பார்ப்பது, தையலுக்கு இடம் விடுவது, தப்பினால் பிரித்து மறுபடி தைப்பது என்று செய்முறையின் ஒழுக்கம் முழுவதும் அவர் கையில் இருக்கிறது. ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டு அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அதற்கு அறிவியல் ஆசிரியர் இருக்கிறார். அப்புறம், உங்கள் ஊரில் பம்புசெட் மோட்டார் ரீவைண்டிங் கடை நிச்சயம் இருக்கும். அந்த மிஸ்திரியை மாதத்தில் ஒரு நாள் மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள். எரிந்த மோட்டாரைப் பிரித்து, ஏன் எரிந்தது என்று அவர் சொல்வது மேலே சொன்ன பொம்மை மோட்டாரின் அடுத்த பாடம். வகுப்பில் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து ‘சார்’ என்று கூப்பிட வேண்டும். இதைப் பிள்ளைகள் பார்ப்பதும் பாடம்தான்.

நேரம். நாற்பது நிமிடப் பீரியடில் இது நடக்காது. பொருளை எடுத்துவைக்கப் பத்து நிமிடம், ஒதுக்கிவைக்கப் பத்து நிமிடம் போய்விடும். ஒவ்வொரு பிரிவுக்கும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரட்டைப் பீரியட் கொடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதுவரை போதும். அறிவியல் ஆசிரியரின் பயத்துக்கு இதுவே பதில்: பத்தாம் வகுப்பை இப்போது தொட வேண்டாம். மின்னோட்டவியல் பாடம் வரும்போது மட்டும் ஒரு பீரியட் அழைத்துவந்து, பல்புகளைத் தொடரிலும் பக்க இணைப்பிலும் கட்டி மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். மேக்கர்ஸ்பேஸ் வந்தால் மதிப்பெண் ஏறும் என்று நிறுவனத்தின் கையேடு சொன்னால் நம்பாதீர்கள். அப்படி நேர்வழி கிடையாது. ஒன்பதில் மோட்டாரோடு மல்லுக்கட்டிய பிள்ளை பத்தில் மின்சாரப் பாடத்தைப் பார்த்து மிரளாது. அந்த அளவுக்குத்தான் நான் உறுதி சொல்வேன். செய்ததோடு விட்டாலும் பயனில்லை. கடைசிப் பதினைந்து நிமிடம் கையை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும்: யாருடையது ஓடவில்லை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஆளுக்கு ஒரு ரஃப் நோட்டு; அதில் ஓடாததையும் எழுத வேண்டும். சிவப்பு மையில் தலைப்புப் போட்டு நோக்கம், தேவையான பொருள்கள் என்று பார்த்து எழுதும் ரெக்கார்டு நோட்டாக அது மாறினால் எல்லாம் வீண்.

பணம். மத்திய அரசின் நிதி ஆயோக் 2016இல் பள்ளிகளில் அமைக்கத் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு இருபது லட்சம் என்று வகுத்திருந்தார்கள். அதில் பாதி அமைப்பதற்கு, மறுபாதி அடுத்த ஆண்டுகளில் நடத்துவதற்கு. இந்தப் பாதிக்குப் பாதிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சத்தைத் தொடாமல் வங்கியில் போட்டு, பேட்டரி, ஈயக்கம்பி, பசை, மிஸ்திரியின் மதிப்பூதியம் என்று மூன்று, நாலு ஆண்டுக்குச் செலவு செய்யுங்கள். மற்ற மூன்றில் முதலில் நல்ல மேசைகள், ஊரிலேயே ஆசாரியிடம் செய்தால் உறுதியாக இருக்கும். இரண்டு பிள்ளைக்கு ஒன்று வீதம் மல்டிமீட்டர். ஒன்று ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், இந்த அறையின் மிக முக்கியமான கருவி அதுதான். ரம்பம், குறடு, திருப்புளி, வைஸ், கைத்துளையிடும் கருவி, இரண்டு தையல் இயந்திரம், எட்டு சால்டரிங் அயர்ன். ஆர்டுயினோ போர்டு பத்து. 2005இல் இத்தாலியின் இவ்ரியாவில் உருவானது அது. வடிவமைப்பை யாரும் எடுத்துச் செய்யலாம் என்று திறந்துவிட்டதால் மலிவான போர்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பிரின்டர் வேண்டுமானால் ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டாம் ஆண்டில். சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு ஒரு நாள் அறிவியல் ஆசிரியரை அனுப்பினால் கொட்டேஷன் விலையில் எவ்வளவு காற்று இருந்தது என்று தெரிந்துவிடும்.

பாதுகாப்பில் நாலு விதி போதும், சுவரில் ராக்கெட்டுக்குப் பதில் அவற்றை எழுதுங்கள். பிள்ளைகள் 230 வோல்ட்டைப் பிரிக்கவோ இணைக்கவோ கூடாது. பேட்டரியும் 12 வோல்ட்டுக்குள் அடாப்டரும்தான். வெட்டும்போதும் துளையிடும்போதும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சால்டரிங் சன்னலோரத்தில், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஈயம் இருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவுள்ள பேட்டரிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பெண்பிள்ளைகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். குழுவில் விட்டால் பையன் சால்டரிங் அயர்னைப் பிடித்துக்கொள்வான், பெண் நோட்டு எழுதுவாள். ஒவ்வொரு வகுப்பிலும் ஆசிரியர் பேர் சொல்லி மாற்றிவிட வேண்டும், தானாக மாறாது. லியா பீக்லி என்ற ஆய்வாளர் துணியில் மின்கடத்தும் நூலால் தைத்துச் சுற்று அமைக்கும் ‘லில்லிபேட்’ போர்டை உருவாக்கினார். 2007இல் அது விற்பனைக்கு வந்தது. அதை வைத்துப் பொருள் செய்தவர்களில் பெண்களே மிகுதி என்று பிறகு கண்டார்கள். தையல் ஆசிரியையின் மேசையில் அப்படி ஒரு வேலையை வையுங்கள், பையன்களும் தைக்கட்டும்.

முன்னாள் மாணவர்களுக்குத் திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் வேண்டியிருக்கும். பலகை வைக்கட்டும். விழாவை மட்டும் முதல் பருவம் முடிந்தபின் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அன்று அவர்களை மேடையில் உட்காரவைக்காமல் ஆளுக்கு ஒரு மேசையில் உட்காரவைத்து, கையில் செம்புக்கம்பியும் ஊக்கும் கொடுத்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். இரண்டாம் ஆண்டுக்கான நன்கொடையைப் பற்றி அதன் பிறகு பேசுவது உங்களுக்குச் சுலபம்.